மோட்டார் ஆறும் வரை

ரசூல்: …கெட்டியாப் பிடி வேலு, டிரம்மு ஆடுது. சாஞ்சா தண்ணியோட படகு மோட்டாரும் என் கால்லதான் விழும்.

வேலு: புடிச்சுக்கினுதான் கீறேன் பாய். நீ கயித்த இழு.

ரசூல்: இழுக்கறேன்… ஆங்! பார்த்தியா, ரெண்டாவது இழுப்புல எழுந்துடுச்சு.

வேலு: ஆறிக் கெடந்தா எழுந்துக்கும். சூடானாதான் படுத்துக்கும். அன்னிக்கும் கரைலேர்ந்து கெளம்பசொல்ல நல்லாத்தான் போச்சு.

ரசூல்: ஐம்பத்திரண்டுல செஞ்ச மோட்டார். இருபத்திரண்டு வயசு ஆகுது. துறைமுக ஏலத்துல எடுத்துட்டு வந்த அன்னிக்கே உங்க அண்ணன்கிட்ட சொன்னேன், தேசப்பா, இது கிழம்னு.

வேலு: ‘என் மாமியாரும் கெழந்தான், அது வாயி நிக்குதா’ன்னு கேட்டுச்சு.

ரசூல்: ஆமா… இதே டிரம்மு பக்கத்துல நின்னுதான் கேட்டாரு. நான் அன்னிக்குப் பூரா சிரிச்சேன்.

வேலு: கால் மணியா ஓடிக்கினு கீது. நாளைக்கு அண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம் பாய்.

ரசூல்: …தெரியும்.

வேலு: அழுவக்கூட இல்ல, எங்க அண்ணி. திருவான்மியூர்ல ஒடம்பு ஒதுங்குன அன்னிலேர்ந்து ஒரே கேள்விதான். ‘மோட்டார் ஏன் எழல வேலு?’ சோறு போடும்போது கேக்குது. சட்டிய இறக்கும்போது கேக்குது. நாளைக்கு ஊரூர் குப்பம் மொத்தமும் உக்காந்திருக்கும், அங்க வச்சுக் கேக்கும். அதுக்கோசரந்தான் இத்த ரிக்ஷால ஏத்தி மைலாப்பூர் வரைக்கும் தள்ளிக்கினு வந்தேன். ஒரு பதில் குடு பாய்.

ரசூல்: இரு, இரு… சத்தம் மாறுது.

வேலு: தோ. விக்குது பாரு. அன்னிக்கும் இப்பிடித்தான் விக்கிச்சு… நின்னுடுச்சு.

ரசூல்: இருபது நிமிஷம் ஓடியிருக்கு. சரி. பிளக்கைக் கழட்டறேன். தொட்டுப் பாரு, ஈரம். பெட்ரோல் வந்துகிட்டுதான் இருக்கு. அப்போ பெட்ரோல் இல்லாம நிக்கலை, நெருப்பு இல்லாம நிக்குது. இப்ப பிளக்கை இந்த இரும்போட ஒட்டி வைக்கிறேன். நீ இழு. இழுத்துக்கிட்டே நுனியைப் பாரு.

வேலு: மஞ்சளா… மினுக்குன்னு வந்துட்டுப் பூடுது.

ரசூல்: நீலமா வரணும். ‘டக்’குன்னு சத்தம் கேக்கணும். புது பிளக் போடறேன். இழு.

வேலு: அதே மஞ்சள்.

ரசூல்: அப்ப பிளக் மேல பழி இல்லை. நிறுத்தற பட்டனோட ஒயரைப் பிரிச்சு விடறேன். அது தோல் உரிஞ்சு எங்கயாவது உரசினா நெருப்பு அந்த வழியா ஓடிடும். ம், இழு.

வேலு: ம்ஹூம்.

ரசூல்: …உப்புக்காத்து வேலு. கிழட்டு மோட்டார். உங்க அண்ணிகிட்ட அப்படியே சொல்லிடு.

வேலு: அவ்ளோதானா? ஒரு நட்டு கழட்டச் சொன்னா மொத்தத்தையும் பிரிச்சுப் போட்டு பாடம் எடுக்குற ஆளு நீ. மேல இந்தச் சக்கரம் கீதே, இத்தக் கழட்டல?

ரசூல்: சூடா இருக்கு.

வேலு: துணி சுத்திக் கழட்டு.

ரசூல்: அதுக்குச் சக்கரத்தை இழுத்துக் கழட்டற புல்லர் வேணும். கையால வராது. புல்லரை ஒருத்தன் இரவல் வாங்கிட்டுப் போயிட்டான்.

வேலு: தோ, உன் தலைக்குப் பின்னால ஆணில தொங்குது.

ரசூல்: கழட்டாமலே காட்டறேன். சக்கரத்துல ஜன்னல் மாதிரி ஓட்டை இருக்கு பார். குனிஞ்சு பாரு, நான் இழுக்கறேன்.

வேலு: உள்ள பொறி பறக்குதே!

ரசூல்: அங்க பறக்கக் கூடாது. அது ரெண்டு பாயிண்டு, சக்கரம் சுத்தறப்போ திறந்து திறந்து மூடும். திறக்கிற நொடியில கரண்டு அந்த இடுக்கைத் தாண்டப் பார்க்கும். பக்கத்துல சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு டப்பி இருக்கு, கண்டென்சர். தாண்ட வர்ற கரண்டை அது வாங்கிக்கணும். அது வாங்கினாத்தான் பிளக்குக்குக் கரண்டு தள்ற காயில் பலமா உதைக்கும், பிளக்குல நீலமா வெடிக்கும். சூடானா அந்த டப்பி வாங்க மாட்டேங்குது. எல்லாம் பாயிண்டுலயே எரிஞ்சு போகுது.

வேலு: அப்ப டப்பி செத்துட்டுது. இனிமே எழவே எழாது. அதானே பாய்? அத்தச் சொல்லிடறேன்.

ரசூல்: ஆறினப்புறம் பார்க்கணும்.

வேலு: இன்னாத்துக்கு? வேணாம். தூக்கிக்கினு போறேன்.

ரசூல்: கை வெந்துடும். உக்காரு, டீ குடி. …அன்னிக்கு எத்தனை தடவை இழுத்தீங்க?

வேலு: அண்ணன் ஒரு இருவது. நா ஒரு இருவது. உள்ளங்கைத் தோலு உரிஞ்சுது, பாரு. நீரோட்டம் தெக்கத் தள்ளிக்கினே போவுது. துடுப்பு ஒண்ணுதான் இருந்துச்சு. தூரத்துல ஒரு கட்டுமரம் தெரிஞ்சுது. அண்ணன் குதிச்சு நீந்திச்சு.

ரசூல்: நீ?

வேலு: படகுல.

ரசூல்: படகு எப்படிக் கரை சேர்ந்தது?

வேலு: அல தள்ளிக்கினு வந்து முகத்துவாரத்துல வுட்டுது.

ரசூல்: தெக்க தள்ளற நீரோட்டம் உன்னைக் குப்பத்துக்கு வடக்க இருக்கிற முகத்துவாரத்துல கொண்டாந்து விட்டுதா?

வேலு: …டீ ஆறிட்டுது பாய்.

ரசூல்: மோட்டாரும்தான். தொட்டுப் பாரு.

வேலு: இழுக்காத.

ரசூல்: பிளக்கை மாட்டிட்டேன். ஒரே ஒரு தடவை.

வேலு: பாய், வேணான்னு சொல்றேன் இல்ல… பாய்! நிறுத்து! அந்த சத்தத்த நிறுத்து!

ரசூல்: நிறுத்திட்டேன். …ஒரே இழுப்புல எழுந்துடுச்சு. நீ ஆச்சரியப்படலையே வேலு. சொல்லு.

வேலு: அன்னிக்கும் இப்பிடித்தான். அண்ணன் தல மறைஞ்சிட்டுது. சும்மா உக்காந்திருக்க முடியாம கயித்த இழுத்தேன். எழுந்துடுச்சு பாய். ஒண்ணும் நடக்காத மாதிரி எழுந்துடுச்சு. அண்ணன் போன பக்கமே ஓட்டினேன். நிக்கும், ஆற வுடுவேன், எழும், மறுபடி சுத்துவேன். அந்தக் கட்டுமரம் அதுக்குள்ள எங்கயோ பூடுச்சு.

ரசூல்: குப்பத்துல?

வேலு: எழவே இல்லன்னு சொல்லிட்டேன். எப்பிடிச் சொல்லுவேன்? நீந்திப் போன்னு சொன்னதே நாந்தான். எனக்கு தம்மு பத்தாது, நீ போண்ணேன்னேன். கால் மணி நேரம் பாய். வாய மூடிக்கினு கால் மணி நேரம் உக்காந்திருந்தா, ரெண்டு பேரும் வூட்ல சோறு துன்னுருப்போம்… நீ ஒரு வார்த்த சொல்லு. செத்த மோட்டாருன்னு. உன் பேச்ச அண்ணி நம்பும்.

ரசூல்: சொல்ல மாட்டேன்.

வேலு: உன் கால்ல வுழறேன் பாய்…

ரசூல்: எழுந்திரு! என் கால்ல நீ விழக் கூடாது வேலு. …அந்த டப்பி ஸ்கூட்டரோடது. புரட்டாசியில உங்க அண்ணன் கொண்டாந்தப்போ இந்த மோட்டாருக்கான சாமான் ஊருல எங்கயும் கிடைக்கலை. கரையோரமா ஓட்டத்தானே, தாங்கும்னு நான்தான் மாட்டினேன். இதே டிரம்முல ஓட்டியும் பார்த்தேன். இருபது நிமிஷத்துல நின்னுது, ஆற விட்டேன், எழுந்தது. ‘நடுவுல நின்னா கால் மணி பொறு, தேசப்பா’ன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. வேலை சுத்தமில்லைன்னு நினைச்சுடுவாரேன்னு முழுங்கிட்டேன். …புல்லரை எடு. சக்கரத்தைக் கழட்டலாம். நாளைக்கு அந்த டப்பியை உங்க அண்ணி கையில நானே கொடுக்கறேன்.