ஒரு கார்டுக்கு ஒரு பெயர்

சுரக்குடியிலிருந்து காரைக்கால் வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். "செத்தவன் கையெழுத்துக்கு எங்கண்ணே போறது?" என்று இளையவர் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்திரம் கித்திரம் ஏதாவது வில்லங்கமோ என்று பயந்துதான் காது கொடுத்தேன்.

வானொலி நேயர் மன்றக்காரர்கள். நேயர் விருப்பத்தில் பாட்டுக் கேட்டு இதுவரை மன்றத்தின் பேரில் ஒரே கார்டில் எல்லோர் பெயரையும் எழுதிப் போடுவார்களாம். இனி அவரவர் கைப்படத் தனித்தனிக் கார்டு போட்டால்தான் வாசிப்போம், ஒரே கையெழுத்தில் வந்தால் குப்பைக்கூடைதான் என்று நிலையத்தில் சொல்லிவிட்டார்களாம்.

"முருகையன் போயி ரெண்டு வருசமாவுது. அவன் பேரை எடுக்காமத்தானே எழுதிக்கிட்டிருந்தோம். அவங்க அப்பாரு ஞாயித்துக்கிழமையானா கடலுக்கே போறதில்லை. அந்தப் பேரைக் கேக்க ரேடியோகிட்டயே கெடக்குறாரு."

"டேப்புல புடிச்சு வச்சிருக்கோமுல்ல தம்பி? அதைப் போட்டுக் காட்டு."

"நல்லா புடிச்சீங்க போங்க! ஒரே கேசட்டுல வாரா வாரம் அழிச்சு அழிச்சுல்ல புடிச்சோம். போன வாரத்துது மட்டுந்தான் இருக்கு."

"அதுல அவன் பேரு இருக்குமே?"

"உங்க பேரு வரைக்கும் வாசிச்சுட்டு, நேரமாச்சுன்னு 'மற்றும் பலர்'னு முடிச்சிட்டாங்கண்ணே."

தலத்தெரு வந்தது. இறங்க எழுந்த அண்ணன் மறுபடி உட்கார்ந்தார்.

"நானும் கருக்களாச்சேரி வர்றேன். முருகையன் அப்பாருகிட்ட நீ ஒருத்தனாப் போயி சொல்லாதே."