டெவ்லினுக்கு நான் வைத்திருந்த அறை

ஆட்ட நாளில் பையன்களுக்கு மதியமே வயிறு நிறையச் சாப்பாடு போட்டுவிட வேண்டும். பிறகு ஒரு தூக்கம். எழுந்ததும் நேராக அரங்கத்துக்கு. ஐஸ் ஹாக்கிப் பையன்களை வீட்டில் வைத்திருக்கும் எல்லாருக்கும் இது தெரியும், சார்.

எங்கள் ஊர் அணியில் பாதிப்பேர் வெளியூர்க்காரர்கள். சீசன் முழுக்க ஏதாவது ஒரு குடும்பம் அவர்களை வைத்துக்கொள்ளும். என் கணவர் ஓரெஸ்ட் இறந்த பிறகு நானும் ஒருவனைக் கேட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒருவன். எல்லாம் நல்ல பையன்கள்தான். பனி உருகியதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், அதோடு சரி.

டெவ்லின் வேறு மாதிரி. வாசல் பனியைச் சொல்லாமலே வாரிப்போடுவான். நான் செய்யும் பைரோகிக் கொழுக்கட்டையைத் தின்றுவிட்டு, "வேராம்மா, இன்னும் ஒண்ணு வச்சீங்கன்னா என்னை உருட்டித்தான் ஐஸ்ல விடணும்" என்பான். வேரா என்ற என் பெயரோடு அம்மா என்று அவனாகத்தான் சேர்த்துக்கொண்டான்.

பிப்ரவரியில் ஒருநாள் ஓடிவந்தான். "சனிக்கிழமை அமெரிக்கக் காலேஜ்லேர்ந்து அவங்க டீமுக்கு ஆள் பார்க்க வர்றாங்க. என்னைத்தானாம்!"

"அடுத்த சீசனும் இங்கேதான்னு சொன்னியேடா?"

"அட போங்க வேராம்மா, இந்த ஊர்ல குளிரை விட்டா என்ன இருக்கு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன்.

டாக்டர் எனக்குக் கொடுத்த தூக்க மாத்திரை இருந்தது. சனிக்கிழமை அதைப் பொடித்து அவனுடைய பீட்ரூட் சூப்பில் கலந்தேன். கொஞ்சம்தான். அன்றைக்கு மட்டும் அவன் மந்தமாக ஆடினால் போதும், வந்தவர் வேறு பையனைப் பார்த்துக்கொள்வார். தூங்கி எழுந்தவன், "தலை ஒரு மாதிரி இருக்கு, கோச்கிட்ட சொல்லிடவா?" என்றான். "படபடப்புதான்டா, ஐஸ்ல இறங்கினா சரியாயிடும்" என்று நான்தான் அனுப்பிவைத்தேன்.

ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் இரண்டாவது என்று நினைக்கிறேன். மூலைக்கு ஓடிய ரப்பர் வட்டை எடுக்கத் திரும்பினான். எதிரணிப் பையன் ஒருவன் பின்னாலேயே வந்தான். அரங்கமே எழுந்து நின்று கத்தியது. வேறு நாளாக இருந்தால் விலகியிருப்பான். தலை போய்த் தடுப்புச் சுவரில் மோதியது. கழுத்துக்குக் கீழே இனி எதுவும் அசையாது என்றார்கள்.

மோதிய பையன் ஆட்டத்தையே விட்டுவிட்டானாம். அவனைக் கொலைகாரன் என்று பேப்பரில் எழுதினார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஊரே என்னைக் கட்டிக்கொண்டு அழுதது.

டெவ்லினுக்காக வீட்டுக் கதவுகளை அகலப்படுத்தினேன். பின்பக்க அறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் வாங்கிப் போட்டேன். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊட்டிவிட்டேன். "உங்களுக்குத்தான் எவ்வளவு சிரமம், வேராம்மா" என்பான். என்ன சிரமம்? அந்த மாதங்களில் இருந்ததுபோல நான் நிம்மதியாக இருந்ததே இல்லை.

பிறகு, டிஸ்சார்ஜ் நாளன்று, அவனைக் கூட்டிப்போக அவன் அம்மா ஷெரில் மனிட்டோபா மாகாணத்திலிருந்து வந்தாள். அறை தயார் என்று எவ்வளவோ சொன்னேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

இந்தப் புகாரைக் கொடுக்கத்தான் நான் ஸ்டேஷனுக்கு வந்தேன், சார். மாத்திரை விஷயத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளையும் கூப்பிட்டு விசாரியுங்கள். பெற்றவள் என்றால், இருக்கிற இடத்திலிருந்து ஒரு பிள்ளையை இப்படியா பிய்த்துக்கொண்டு போவது?