கை தூக்காத நாலாம் வகுப்பு

அந்த நாற்காலிக்கு ஒரு கால் கட்டை, தங்கபாய். சுவரோரம் கிடப்பதில் உட்காருங்கள். மோர் குடிக்கிறீர்களா? வேண்டாமென்றால் விடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரைக்கும் நின்றுகொண்டேதான் வந்திருப்பீர்கள். இந்தச் சித்திரை வெயிலில் பஸ்ஸுக்குள் நிற்பது லேசில்லை.

உங்கள் அக்கா ஞானபாக்கியம் போன மாதம் இறந்துபோனது எனக்கும் தெரியும். அவரிடம் நாலாம் வகுப்பு படித்த சுடலைமாடத்தி அடக்கத்துக்கு வந்து உங்களிடம் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறாள். அது நிஜமா என்று கேட்கிறீர்கள். நிஜம்தான். நான் எதையும் வரிசையாகச் சொல்லிப் பழகியவன், அப்படியே சொல்லிவிடுகிறேன்.

என் வேலை ஆசிரியர்களுக்குக் கற்பிக்கச் சொல்லிக்கொடுப்பது. எண்பத்து மூன்றில் நான் ஆரம்பித்தபோது, 'காசிராஜன் வாத்தியாருக்கே வாத்தியாராம்' என்று டீக்கடையில் சிரித்தார்கள். தெருவுக்குத் தெரு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. படிப்பை முடித்த கையோடு வேலைக்கு வந்த பெண்களுக்குப் பாடம் தெரியும், பிள்ளைகள் முன்னால் நிற்கத் தெரியாது. நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பச்சை மையில் குறிப்பெழுதி, மூன்று மாதத்தில் திருத்திக் கொடுப்பேன். யாரை நிரந்தரமாக்கலாம் என்பதையும் என் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

அதற்கு முன்னால் பதினோரு வருஷம் நானே வாத்தியாராக இருந்தேன். என் வகுப்பில் ஒரு பிள்ளைகூடக் கை தூக்கியதில்லை. மறைக்க ஒன்றும் இல்லை என்பதால் இதையும் சொல்கிறேன்.

இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் பள்ளிக்கூடங்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'எல்லாரும் கை தூக்கணும். பதில் தெரிஞ்சவன் வலது கை, தெரியாதவன் இடது கை' என்று முந்தின நாளே சொல்லி வைப்பார்கள். அதிகாரி பார்க்கும்போது வகுப்பு முழுக்கக் கை நிற்கும். எல்லா வாத்தியாரும் செய்கிற காரியம் இது, யாரும் குற்றமாக நினைப்பதில்லை. நான் இதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டேன், அவ்வளவுதான்.

காலைப் பிரேயர் முடிந்து ஆசிரியர்கள் கையெழுத்துப் போடப் போகும் ஐந்து நிமிஷத்தில் நான் வகுப்புக்குள் போவேன். 'இன்னிலேருந்து ஒரு விளையாட்டு. நான் சொல்ற வரைக்கும் டீச்சர் என்ன கேட்டாலும் யாரும் கை தூக்கக் கூடாது' என்பேன். பிள்ளைகளுக்கு விளையாட்டென்றால் கொண்டாட்டம். டீச்சர் வந்து கேள்வி கேட்பார், வகுப்பு கம்மென்று இருக்கும். சாயங்காலம் முகம் வாடிப்போய் என்னிடம் வருவார். அதற்குப் பிறகு நான் சொல்வதையெல்லாம் கேட்பார். மூன்று மாதம் கழித்து விளையாட்டை முடித்துவைப்பேன், கைகள் தானாக உயரும். டீச்சர் கண்ணீரோடு நன்றி சொல்வார். இப்படி நூறு பேருக்கு மேல் தேற்றிவிட்டிருக்கிறேன். ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை.

எண்பத்தெட்டில் உங்கள் அக்கா வேலை பார்த்த பள்ளிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கரஸ்பாண்டென்ட் ராஜரத்தினம் என்னிடம், "அந்தம்மா வகுப்புல ஒரே சந்தக்கடைச் சத்தம் சார். ஆனா பிள்ளைக லீவு போட மாட்டேங்குது. என்னன்னு பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். அப்போது நீங்கள் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி சுற்றப் போய்க்கொண்டிருந்தீர்கள் அல்லவா? நீங்கள் கொண்டுவரும் துண்டுத் துணியை அவர் பின்னம் சொல்லிக்கொடுக்க வைத்திருந்தார். ஒரு பையனை மேசைமேல் உட்கார வைத்து, "ஏலே, இவன் விழுந்து முட்டியப் பேத்துட்டான். எம்புட்டுத் துணி வேணும்?" என்று கேட்டார். 'அரை' 'கால்' 'முக்கால்' என்று நாற்பத்திரண்டு பிள்ளைகளும் எழுந்து நின்று கத்தின. சிலதுகள் இரண்டு கையையும் தூக்கின. அவர் சிரித்துக்கொண்டே துணியை மடித்து மடித்துக் காட்டினார்.

எனக்கு நெஞ்சு எரிந்தது, தங்கபாய். பொறாமை என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். அவருக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. பச்சைப் பேனாவைத் திறந்தது திறந்தபடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் வழக்கம்போல விளையாட்டைச் சொல்லி வைத்தேன். அவர் கேட்டார், யாரும் கை தூக்கவில்லை. மற்றவர்கள் அந்த இடத்தில் வெலவெலத்துப் போவார்கள். இவர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "டீச்சருக்கு இன்னைக்கு எல்லாம் மறந்துபோச்சு. யாராச்சும் சொல்லிக் குடுங்கப்பா" என்றார். சுடலைமாடத்தி என்னைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், எழுந்து வந்து துணியை மடித்துக் காட்டிவிட்டாள். பிறகு எல்லாம் கத்த ஆரம்பித்தன. ஐந்து வருஷத்தில் அந்த முறை தோற்றது அன்றைக்கு மட்டும்தான்.

ஆகவே முறையைக் கொஞ்சம் இறுக்கினேன். மறுநாள் பிள்ளைகளிடம், "டீச்சர் வேலை நிலைக்கணும்னா, நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. டீச்சர்கிட்ட இதைச் சொன்னாலும் அன்னைக்கே அவியள வீட்டுக்கு அனுப்பிருவாக" என்றேன். சுடலைமாடத்தி எழுந்து, "டீச்சரை அனுப்ப மாட்டீகள்ல சார்?" என்று கேட்டாள். "நீங்க பேசாம இருந்தா அனுப்ப மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

ஒன்பது வயதுப் பிள்ளைகள். பதினாறு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மேல் அவ்வளவு பிரியம்.

முதலில் வேடிக்கை காட்டிப் பார்த்தார். பிறகு கெஞ்சினார். "எம்மேல என்ன கோவம்? அடிச்சேனா, வஞ்சேனா?" என்று ஒவ்வொரு பெஞ்சாகப் போய்க் கேட்டார். இரண்டு மூன்று பிள்ளைகள் குனிந்தபடி அழுதன. தன்னைக் கண்டு பயந்துதான் அழுகிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். தேதி போட்டு எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன், வேண்டுமானால் காட்டுகிறேன்.

பதினாறாம் நாள் என்னிடம் வந்தார். "சார், எங்கிட்ட என்ன கொறைன்னு சொல்லுங்க, திருத்திக்கிடுதேன். இந்த வேலைய விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்றார். நான் உண்மையை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அன்றைக்குத்தான் அவர் என்னிடம் கற்றுக்கொள்ள வந்திருந்தார். அவருக்கு இன்னும் கொஞ்சம் பணிவு வரட்டும் என்று நினைத்து, "சில பேருக்கு இந்த வேலை வராதும்மா" என்றேன். மறுநாள் கெஞ்சிக்கொண்டு வருவார், மூன்று மாதத்தில் தேற்றிவிடலாம் என்பதுதான் என் கணக்கு. அவர் ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு உங்களோடு துணி சுற்ற வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பெடுக்கக்கூடப் போகவில்லை, தெருவில் பிள்ளைகளைக் கண்டால் ஒதுங்கிப் போவார் என்கிறீர்கள். 'என்னைக் கண்டா பிள்ளைகளுக்கு வாய் அடைச்சிருது' என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாரா? அது எனக்குத் தெரியாது. கேட்கக் கஷ்டமாக இருக்கிறது.

தொண்ணூற்றிரண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை பார்த்தேன். கைவிரலெல்லாம் நூல் அறுத்த தழும்பு. வணக்கம் சொல்லிவிட்டு, "அந்தப் பிள்ளைக பொறவு நல்லாப் பேசுச்சுகளா சார்?" என்று கேட்டார். நன்றாகப் பேசினார்கள் என்றேன். "அது போதும்" என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதியைக் கெடுக்க வேண்டாம் என்றுதான் வேறெதுவும் சொல்லாமல் பஸ் ஏறினேன். மதுரையில் அன்று எனக்கு ஒரு பயிற்சி வகுப்பு. அந்தப் பேண்டேஜ் துணிப் பாடத்தைத்தான் நடத்தினேன், எல்லோரும் பாராட்டினார்கள்.

நான் அவரிடம் சொன்னது பொய். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் வேலையை விட்ட பிறகு வந்த திங்கட்கிழமை அந்த வகுப்பை நானே எடுத்தேன். அவர் விட்டுப்போன துணியை எடுத்து, ஒரு பையனை மேசைமேல் உட்கார வைத்து, எவ்வளவு துணி வேண்டும் என்று கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. "விளையாட்டு முடிஞ்சது, இனிமே பேசலாம்" என்றேன். அப்போதும் இல்லை. சுடலைமாடத்தி மட்டும் எழுந்தாள். "டீச்சர் வந்த பொறவு பேசுதோம் சார்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். எல்லாப் பிள்ளைகளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன. வருஷம் முடிகிற வரைக்கும் அப்படித்தான் இருந்தன.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே ரிப்போர்ட்டில், 'வகுப்பில் ஒழுங்கு நன்றாகக் கூடியிருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் இல்லை, தங்கபாய். நாற்பத்திரண்டு பிள்ளைகள், ஒரு சத்தம் கிடையாது.