வசனத்தின் மேல் பேசக்கூடாது

எலுமிச்சை போட்ட தேநீர் போதும், சர்க்கரை வேண்டாம். நிதானமாகவே சொல்கிறேன், பேசுவதுதான் என் தொழில்.

லூப்லின் நகரில் எங்கள் நாடக அரங்கின் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. அதற்குள் உட்கார்ந்து, பார்வையற்றவர்களின் காதுக் கருவிக்குள் மேடையை விவரிப்பவன் நான். ஆறு வருடமாக. யார் வருகிறார், என்ன உடுத்தியிருக்கிறார் என்று சொல்ல வேண்டும். எல்லாருக்கும் நீல உடை என்றே சொல்லிவிடுவேன். நீலத்தையே பார்க்காதவர்களுக்கு எது நீலமாக இருந்தால் என்ன? ஒருவரும் குறை சொன்னதில்லை, பொகுமிலாவைத் தவிர. பியானோவுக்குச் சுருதி சேர்த்துப் பிழைத்த கிழவி. பிறவியிலேயே பார்வை இல்லை. மூக்கும் காதும் மட்டும் ஊர் வம்புக்கு அலையும்.

போன குளிர்காலத்தில், ஓர் இடைவேளையில், எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் தம்பி, மேடையிலேருந்து பீட்ரூட் சூப்பு வாசம் மூக்கைத் துளைக்குது, நீ என்னடான்னா ரொட்டி தின்றாங்கங்கிற. அந்தப் பொண்ணு அழுவுறாளாம்! மூக்கடைக்காத குரல்ல யாருப்பா அழுவா? கோளாறு உன் கண்ணுலயா, நாக்குலயா?"

சீட்டுக் கிழிப்பவள் வரை சிரித்தார்கள். நான் அப்போது குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன் என்பது உண்மைதான். அதற்காகக் கண்ணில்லாதவள் கண்ணுள்ளவனைத் திருத்துவதா? அன்றிலிருந்து அவளைக் கண்டாலே எனக்கு ஆகாது.

சனிக்கிழமை நடந்ததற்கு வருகிறேன். நாடகத்துக்கு முன் பார்வையற்றவர்களை மேடையேற்றி, சாமான்களைத் தொட்டுப் பார்க்க விடுவது எங்கள் வழக்கம். நடிகர்கள் திரைக்குப் பின்னால் நின்று ஆளுக்கொரு வசனம் சொல்வார்கள், குரலை அடையாளம் தெரிந்துகொள்ள. வருகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்லிவைப்பது இது: வழியில் ஏதாவது இருந்தால் கூண்டிலிருந்தே உங்கள் காதுக் கருவியில் சொல்வேன், நான் பேசாவிட்டால் பாதை சரி, தாராளமாக நடக்கலாம். எனக்கும் ஒரு விதி உண்டு. நடிகரின் வசனத்தின் மேல் நான் பேசக்கூடாது.

அன்று வந்த ஐவரில் மற்ற நால்வரும் ஓரத்து மேசையில் உடைகளைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பொகுமிலா மட்டும் புது மர வாசனையை முகர்ந்தபடி மேடை நடுவுக்குப் போனாள். அங்கே, நடிகர் கீழிருந்து ஏறிவருவதற்கான தரைக்கதவைத் திறந்துவைத்துவிட்டு, பணியாள் எண்ணெய் எடுக்கப் போயிருந்தான். நாலு மீட்டர் ஆழம்.

விளிம்புக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டாள். கெட்டிக்காரிதான்.

"தம்பி, காலுல சில்லுனு காத்து அடிக்குது. முன்னால ஏதாச்சும் இருக்கா?"

மேடை ஒலிவாங்கி வழியாக எனக்குத் தெளிவாகக் கேட்டது. அந்த நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னால் ஒருவர் வசனத்தைத் தொடங்கினார். நீளமான வசனம். என் விரல் பேசும் பொத்தானின் மேல்தான் இருந்தது. அவள் தலையைச் சாய்த்து என் குரலுக்காகக் காத்திருந்தாள். பத்து வினாடி இருக்கும். அதை நான் ரசித்தேன், மறைக்கவில்லை.

பிறகு, சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டு அடியெடுத்து வைத்தாள்.

கொலை என்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: ஆறு வருடத்தில் அன்று ஒரு நாள்தான் நான் அவளிடம் பொய் சொல்லவில்லை.