சந்தை வண்டிக்கு எந்தக் கியர்

"மனுவல் கியர் போடச் சொல்லிப்போட்டு வந்தனீங்களெண்டால், இனி வெங்காய மூட்டையை நான் ட்ராமிலதான் காவுவன்."

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகர ட்ராமில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா, கணவரிடம் சொன்னது. சந்தையில் மரக்கறி விற்பவர்கள். பழுதான பிக்கப்பைப் பட்டறையில் விட்டுவிட்டுக் கணவர் அப்போதுதான் வந்து ஏறியிருந்தார்.

"டீசல் எஞ்சின் இழுக்கிற இழுவைக்குப் பழைய ஓட்டோமேட்டிக் தாங்கேல்லை. ட்ரெயிலரோட ஏத்தத்தில சறுக்கினது அதாலதானாம்."

"அதுக்கு?"

"மனுவல்தான் பலமெண்டு மெக்கானிக் சொன்னவன்."

அக்கா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் வேண்டாமெண்டிட்டன். ஓட்டோமேட்டிக்தான், ஆனா பாரம் தாங்கிறது. உள்ளுக்குத் தடிச்ச கிளட்ச், பெரிய ஒயில் கூலர்."

"மெய்யாவோ?"

"உம்மட லைசென்ஸில ஓட்டோமேட்டிக் மட்டும்தானே ஓடலாம். நான் முழங்கால் ஒப்பரேசனுக்குப் படுத்தால் ஆர் சந்தைக்குப் போறது?"

அக்கா பெருமூச்சு விட்டார்.

"ஆனா ட்ரெயிலரோட ரிவேர்ஸ் எடுக்க எனக்கு ஏலாதப்பா."

"நீர் எடும். உம்மைக் கண்டால் சந்தையே தானா விலத்தும்."

அக்கா சிரித்த சிரிப்பில் ஓட்டுநரே கண்ணாடியில் எட்டிப் பார்த்தார்.