அடுத்து எந்தக் கசினோ ஹோட்டல் மூடும்?

பின்னேரம், வெஸ்ட்லி போகும் மெட்ரோ. எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள்.

"லாஸ் வேகாஸிலை அடுத்தது எந்தக் கசினோ ஹோட்டல் மூடும் எண்டு என்ரை அக்காவைக் கேட்டாச் சொல்லுவா."

"அவ அங்கை மனேஜரோ?"

"இல்லையடி, அறை துப்பரவாக்கிறவ. தரையிலை தேய்ஞ்ச காப்பெட்டை மாத்தாமல் விட்டா அந்த ஹோட்டல் முடிஞ்சுதாம். ரெண்டு ஹோட்டல் அவ சொன்னமாதிரியே மூடினது."

"இப்ப எதாம்?"

"அவ வேலை செய்யிறதுதான். அது தெரிஞ்ச உடனை, கூட வேலை செய்யிற ஆறு பேருக்கும் வேறை ஹோட்டல்களிலை வேலை தேடிக் குடுத்திட்டா."

"அவவுக்கு?"

"ஆறாவது ஆளுக்கும் கிடைச்சாப் பிறகுதான் தனக்குக் கேட்டவ. நேற்றுக் கிடைச்சிட்டுது."

மற்றவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"அங்கை இப்ப விடிஞ்சிருக்கும். ஃபோனை எடு, நானும் அவவோடை ஒருக்காக் கதைக்கோணும்."