உப்புத் தண்ணீரில் நின்ற நாற்று

பிறர் பேச்சுக்குச் செவிகொடுப்பது என் வழக்கமன்று. ஆயினும் சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் பேருந்தில், முன்னிருக்கையிலிருந்த ஆராய்ச்சி மாணவி தன் தந்தையிடம், "வாடினா வாடட்டும்னு வுட்டிருக்கணும் நைனா" என்றபோது காதைத் திருப்ப இயலவில்லை.

"தொட்டியில நெல்லு நாத்து தலை சாஞ்சிக்கினு கெடந்திச்சி. மனசு கேக்கலம்மா. நல்ல தண்ணி ஊத்திட்டேன்."

"நான் வேணும்னேதான் உப்புத் தண்ணி ஊத்திக்கினு வந்தேன். வேர் செல்லோட சவ்வுல ஒரு என்சைம் பதிஞ்சிருக்குது, பம்ப்பு மாதிரி. அதோட பலத்துலதான் செல்லு உப்ப வெளிய தள்ளும். உப்புல நின்னாத்தான அது எவ்ளோ வேலை செய்யுதுன்னு அளக்க முடியும்? இப்போ எங்க கைடு மேடம்கிட்ட என்னா சொல்றது?"

"அந்தப் பம்ப்புக்குக் கரெண்டு?"

"செல்லே குடுக்கும்."

"நம்ம மோட்டார விட ஒஸ்திதான்."

அவள் தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். பிறகு, "மொதல்லருந்து வெதைக்கணும் நைனா" என்றாள்.

சந்திரகிரி தாண்டியதும் அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"என் தப்புன்னு மேடம்கிட்ட நானே சொல்றேன். வெதையும் நானே போடறேன், உப்புத் தண்ணியும் நானே ஊத்தறேன். ஊத்தறப்போ நீ மட்டும் பக்கத்துல நில்லும்மா."